நடைப்பயணக் குழுவில் நான்கு மாதம்: யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்

என் வீட்டு முன்னறையில் ஆறு அட்டைப்பெட்டிகள் கிடக்கின்றன. உள்ளே 212 இளஞ்சிவப்புப் பனியன்கள். நெஞ்சுக்கு நேராக ஒரு வாசகம், முதுகில் இரண்டு கடைகளின் பெயர். சென்ற அக்டோபரில் கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் நாங்கள் நடத்திய புற்றுநோய் நிதி நடைப்பயணத்தில் மிஞ்சியவை அவை. அந்த ஏற்பாட்டுக் குழுவில் நான்கு மாதம் இருந்தேன். கையிலிருந்து 38,600 ரூபாய் போயிற்று. ஜூன் கடைசியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்கென்று மிஞ்சவில்லை. இவற்றையெல்லாம்விட மனதை அறுத்த விஷயம் ஒன்று உண்டு, அது பின்னால் வரும். இப்படி ஒரு குழுவில் சேர யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவராவது இதைப் படித்துவிட்டுச் சேரட்டும் என்றுதான் எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் என் அம்மா. மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்த பிறகு கதிர்வீச்சு. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், மொத்தம் 25 நாள். என் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். 'இரண்டு மாடு இருக்கிறது, அப்பாவுக்குச் சோறு யார் போடுவார்கள்' என்று பொள்ளாச்சியை விட்டு வர மறுத்துவிட்டார். தினமும் காலையில் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வருவார், நான் உக்கடம் பஸ் நிலையத்தில் காத்திருப்பேன். அறுவை செய்த பக்கத்துக் கையை யாரும் இடித்துவிடக் கூடாது என்று எப்போதும் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வருவார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பொள்ளாச்சி வண்டி டவுன் பஸ் அல்ல. மருத்துவமனை பெஞ்சில் கோபியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வந்த பெண்கள் அம்மாவுக்குப் பழக்கமானார்கள். பஸ் செலவுக்குக் கட்டுப்படியாகாமல் பாதியில் நின்றுபோனவர்கள் அவர்களில் இருந்தார்கள். அம்மா அதை ஒவ்வொரு நாளும் சொல்வார், 'தாராபுரத்துப் பிள்ளை இன்றைக்கும் வரவில்லை' என்று. அம்மா இறந்து எட்டு மாதம் கழித்து, நோயாளிகளின் பயணச் செலவுக்கு நிதி திரட்ட ஒரு அறக்கட்டளை நடைப்பயணம் நடத்தப் போவதாகத் தெரிந்ததும் நானே போய் என் பெயரைக் கொடுத்தேன்.

முதல் கூட்டத்தில் பதினொரு பேர். எல்லோரும் நல்லவர்கள், இதை இன்றும் சொல்வேன். ஆனால் அன்று இரண்டு மணி நேரம் பேசியது சிறப்பு விருந்தினர் யார், பனியன் என்ன நிறம், மேடை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பவை மட்டுமே. பணம் யார் கணக்கில் வரும், காசோலையில் யார் கையெழுத்து, நஷ்டம் வந்தால் யார் தாங்குவது ஆகிய மூன்று கேள்விகளையும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்குக் கூடியிருக்கும் இடத்தில் கணக்குப் பேசினால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று கூச்சம். இப்போது சொல்கிறேன், அந்தக் கூச்சம் கூடவே கூடாது. முதல் கூட்டத்திலேயே கேட்டு, பதிலை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்றும் உண்டு. நான் துக்கத்தில் இருந்தேன். யார் என்ன வேலை சொன்னாலும் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஏற்றுக்கொண்டேன். வேலை இருக்கும்வரை அம்மாவின் நினைவு சற்று விலகி நின்றது. பதிவு, பனியன், அனுமதி, தன்னார்வலர்கள் என்று நான்கு பொறுப்புகள் என் தலையில் ஏறியது அப்படித்தான். சொந்த இழப்பின் ஈரம் காயாமல் இப்படிப்பட்ட பணிக்கு வருகிறவர்கள் ஒரே ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பொறுப்பை யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

தேதியில் முதல் தவறு செய்தோம். அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம், உலகமெங்கும் இளஞ்சிவப்பு அணிகிறார்கள், நாமும் அதில்தான் நடத்த வேண்டும் என்று முடிவாயிற்று. ஐப்பசி மழையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது, கோவைக்கு நல்ல மழை கொடுக்கும் மாதங்களில் ஒன்று அது. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம். அதையொட்டி வைத்திருந்தால் வானம் தெளிந்திருக்கும், காலை வெயிலும் இதமாக இருக்கும். நம் ஊர் நடைப்பயணத்துக்கு நம் ஊர் வானத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

அனுமதி விஷயம் அடுத்தது. பூங்காவில் நாலு பேர் நடப்பதற்கு என்ன அனுமதி என்று நினைத்திருந்தேன். காவல்துறை அனுமதி வேண்டும், போக்குவரத்துப் பிரிவுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும், இடத்துக்கு மாநகராட்சி, ஒலிபெருக்கிக்கு இன்னொரு மனு. நான்கு முறை அலைந்தேன், நான்கு அரை நாள் விடுப்பு. தவறு எங்களுடையதுதான். பாதையின் வரைபடம், எத்தனை பேர் வருவார்கள், வண்டிகளை எங்கே நிறுத்துவார்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கப்போகும் தன்னார்வலர் யார் என்று அவர்கள் கேட்ட எதற்கும் எங்களிடம் எழுத்தில் பதில் இல்லை. முக்கியமான ஒன்று: இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. 2000ஆம் ஆண்டிலிருந்து உள்ள ஒலி மாசு விதி அது. நாங்களோ 5.30க்குத் தொடக்கம் என்று சுவரொட்டியே அடித்துவிட்டோம். ஐந்தரைக்கு வந்தவர்களை ஆறு மணி வரை வாயால் கத்தித்தான் ஒழுங்குபடுத்த முடிந்தது. சாலையோரம் பேனர் வைப்பதற்கும் முன் அனுமதி உண்டு. ஒரு மாதத்துக்கு முன்பே எல்லா மனுக்களையும் ஒரே கோப்பாகத் தயார் செய்து ஒருவரே கொண்டுபோகட்டும். பெறப்பட்டது என்று முத்திரை வாங்கிய நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நடைப்பயண நாளன்று என் பையில் அது இருந்ததால் ஒரு பெரிய சிக்கல் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது.

இனி பணம். 800 பேர் வருவார்கள் என்று ஒருவர் சொன்னார். எதை வைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நபருக்கு 350 ரூபாய் கட்டணம். திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, விலை மலிவு என்று ஒரு பனியன் கம்பெனியில் பேசினோம். அச்சோடு சேர்த்து ஒன்று 165 ரூபாய், 800க்கு 1,32,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 1,38,600. பாதி முன்பணம், மீதி சரக்கு வந்ததும். பதிவு 200ஐக்கூடத் தாண்டாத நிலையில் 800க்கும் ஆர்டர் கொடுத்துவிட்டோம். ஏனென்றால் ஒரு தொழிலதிபர் ஒரு லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். 'சொல்லியிருந்தார்' என்பதைக் கவனியுங்கள். கடிதம் இல்லை, தேதி இல்லை. செப்டம்பர் கடைசியில் அவருடைய தொலைபேசியை உதவியாளர் எடுக்கத் தொடங்கினார், பிறகு உதவியாளரும் எடுக்கவில்லை. அந்த ஒரு லட்சத்தை நம்பி ஒதுக்கிய செலவுகள் எல்லாம் அப்படியே நின்றன. கையில் வராத பணத்தைத் திட்டக் கணக்கில் எழுதவே கூடாது. பனியனை முதலில் 300 மட்டும் அடித்து, பதிவு முடிந்ததும் மீதியை அடிக்கலாம் என்று அந்தக் கம்பெனிக்காரரே சொன்னார். துணியின் சாயம் லேசாக மாறும் என்றார். மாறினால்தான் என்ன? ஆனால் 'எல்லாம் ஒரே நிறமாக இருந்தால்தான் புகைப்படத்தில் நன்றாக இருக்கும்' என்று குழுவில் முடிவாகிவிட்டது. அளவிலும் தவறினோம். எல்லா அளவிலும் சமமாக வாங்கினோம். எக்ஸ்எல் இரண்டே நாளில் தீர்ந்தது. என் வீட்டுப் பெட்டிகளில் இருப்பதில் பெரும்பாலானவை ஸ்மால்.

நன்கொடை வாங்குவதில் செய்த பிழைகள் தனிக் கதை. அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு கியூஆர் குறி வரத் தாமதமாயிற்று. 'இப்போதைக்கு உங்கள் எண்ணைப் போடுங்கள் அம்மணி, பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்றார் பொருளாளர் ஐயா. இரண்டு வாரம் என் சொந்த யுபிஐ கணக்கில் பணம் வந்தது. பால்காரர் கணக்கும் மகளின் பள்ளிக் கட்டணமும் ஓடும் அதே கணக்கில் நோயாளிகளின் பணம். யார் எதற்கு அனுப்பினார்கள் என்று பிரித்தெடுக்க மூன்று இரவு பிடித்தது. ஒரு நன்கொடையாளர் 'பணம் உங்களுக்கா போகிறது?' என்று கேட்டபோது முகம் சிவந்துபோனேன். அவர் கேட்டது நியாயம். ஒரே ஒரு ரூபாய்கூடத் தனிப்பட்ட கணக்கில் வாங்காதீர்கள். சுவரொட்டியில் '80ஜி வரிவிலக்கு உண்டு' என்று போட்டிருந்தோம், அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை. பனியனும் சிற்றுண்டியும் கொடுத்துவிட்டு வாங்கும் கட்டணம் நன்கொடை ஆகாது, அதற்கு 80ஜி ரசீது தர முடியாது என்று ஆடிட்டர் பிறகு சொன்னார். நாற்பது பேருக்கு நானே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். உண்மையான நன்கொடைக்கும் பான் எண் வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. கனடாக் குடியுரிமை பெற்ற என் பெரியம்மா மகன் 50,000 அனுப்புகிறேன் என்றான். நல்லவேளை, வாங்குவதற்கு முன் கேட்டோம். வெளிநாட்டுக் குடிமகனிடம் வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும், எங்களிடம் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் இருக்கும் இன்னொரு உறவினர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்ததில் தடை இல்லை.

நடைப்பயணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை சரக்கு வண்டி வந்து நின்றது. மீதி 69,300 ரூபாய் கொடுத்தால்தான் இறக்குவார்கள். குழுவின் கையில் 30,700 மட்டுமே இருந்தது. பதிவுக்கு நாங்கள் பயன்படுத்திய இணையதளம் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் பணத்தை விடுவிக்கும். அந்த நிபந்தனையை யாரும் படித்திருக்கவில்லை. வண்டி ஓட்டுநர் தெருவில் நிற்கிறார், குழுவில் நான் அழைத்த மூன்று பேர் எடுக்கவில்லை. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வைத்திருந்த பணத்திலிருந்து 38,600 அனுப்பினேன். அன்றிரவு கணவரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை, 'எழுதி வாங்கினாயா?' என்று மட்டும் கேட்டார். வாங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நோயிலிருந்து மீண்டவர்களுக்குப் பனியன் கொடுக்கப் போனேன். அம்மாவோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவின் வீடு. அம்மா சாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர். பனியனை விரித்துப் பார்த்தார். உடம்போடு ஒட்டும் பாலியஸ்டர் துணி. நெஞ்சுக்கு நேராகப் பெரிய எழுத்தில் வாசகம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'இதைப் போட்டுக்கொண்டு இத்தனை பேர் முன்னால் எப்படி நிற்பேன் கண்ணு? எல்லோரும் படிக்கிற இடத்தில் எனக்கு ஒன்றும் இல்லையே' என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அம்மா சேலைக்கு மேலே ஒரு துண்டைப் போர்த்தாமல் வாசலுக்குக்கூட வந்ததில்லை. அந்தத் துண்டைத் துவைத்துக் காயப்போட்டவள் நான். ஒன்பது கூட்டங்களில் இந்தப் பனியனைப் பற்றிப் பேசினோம், நிறம் பேசினோம், விலை பேசினோம். இதை அணியப் போகும் ஒரு பெண்ணிடம் காட்டிக் கேட்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை. நான் முன்பு சொன்ன விஷயம் இதுதான். பணம் போனதை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடு இரவில் விழிப்பு வந்தால் நினைவுக்கு வருவது அந்தப் பனியனை மடித்து என்னிடம் திருப்பித் தந்த கைகள்தான்.

ஆகையால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்: குழுவில் குறைந்தது இரண்டு பேர் நோயைக் கடந்தவர்களாகவோ சிகிச்சையில் இருப்பவர்களாகவோ இருக்கட்டும், முதல் கூட்டத்திலிருந்தே இருக்கட்டும். அவர்கள் சொல்லித்தான் தெரியும். தளர்வான பருத்தி உடை வேண்டும். ஐந்து கிலோமீட்டர் எல்லோராலும் முடியாது, அரைச் சுற்றில் திரும்பிவரவும் வழி வேண்டும். கீமோ நடந்துகொண்டிருப்பவர்களுக்கு நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும், மருத்துவரைக் கேட்காமல் கூட்டத்துக்கு அழைக்கக் கூடாது. அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்தவர்களின் கை வீங்கும் வாய்ப்பு உண்டு, அந்தக் கையில் கொடியோ பதாகையோ கொடுத்து நிற்க வைக்கக் கூடாது, முதலுதவிக்காரர் இரத்த அழுத்தம் பார்ப்பதாக இருந்தாலும் மற்றக் கையில்தான் பார்க்க வேண்டும். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். இவ்வளவையும் அந்த அக்கா ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை இரவு முழுக்க மழை. ஞாயிறு காலை தரையெல்லாம் சேறு. ஆனாலும் மக்கள் வந்தார்கள், அது என்னை நெகிழ வைத்தது. கட்டணம் கட்டியவர்கள் 512, தன்னார்வலர் 40, மீண்டவர்கள் 36. சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிடம் தாமதம். மேடைக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகள் நன்கொடையாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். மீண்டவர்கள் 36 பேரும் பலூனோடு வரிசையில் நின்றார்கள், கொடியசைக்கும் புகைப்படத்துக்காக. ஒரு அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் ஓடிப்போய் முன்வரிசையிலிருந்து நாற்காலிகளை இழுத்து வந்தேன், யார் என்ன நினைத்தாலும் சரி என்று. மைக்கில் ஒருவர் 'புற்றுநோயை எதிர்த்துப் போராடி வென்றவர்களுக்குக் கைதட்டுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் போராடினார். 25 நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அப்படியானால் அவர் தோற்றவரா? தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் போய் அழுதேன். அங்கே என்னைப்போல இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இறந்தவர்களின் பெயரை எழுதி மாட்ட ஒரு பலகை வைத்திருந்தால் போதும், எங்களுக்கும் அந்தக் காலையில் ஓர் இடம் இருந்திருக்கும்.

அன்று முழுமையாகச் சரியாக நடந்தது ஒன்றே ஒன்று. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஒரு மடக்கு மேசையோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மார்பில் கட்டியை எப்படிக் கவனிப்பது, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் இலவசமாகப் பரிசோதனை செய்வார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். 31 பெண்கள் கேட்டார்கள், எண்ணினேன். இருவர் அதுவரை வீட்டில்கூடச் சொல்லாத கட்டியைப் பற்றி அவரிடம் சொன்னார்கள். அந்த மேசைக்கு எங்களுக்குச் செலவு எதுவும் ஆகவில்லை. 12,000 ரூபாய்க்கு அடித்த பேனர்களில் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை.

கணக்கை முடித்த நாளில் குழுவில் 1,06,200 ரூபாய் நோயாளிகள் நிதிக்கு என்று அறிவித்தார்கள், கை தட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். பதிவுக் கட்டணம் 1,79,200, இரண்டு கடைகள் தந்தது 50,000. செலவு: பனியன் 1,38,600, மேடையும் பந்தலும் மைக்கும் 40,000, சிற்றுண்டி 27,000, பேனர் 12,000, தண்ணீர் 8,000. மொத்தம் 2,25,600. அதாவது நான்கு மாத உழைப்பில் நடைப்பயணம் ஈட்டியது 3,600 ரூபாய். நிதிக்குப் போன மீதியில் 64,000 நடக்காமலேயே நன்கொடை கொடுத்தவர்களுடையது, 38,600 என்னுடையது. அதைத் திருப்பிக் கேட்க நினைத்துத்தான் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 'அம்மா நினைவாகக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோமே' என்று ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? சரி, ரசீதாவது தாருங்கள் என்றேன். நான் பணம் கொடுத்தது பனியன் கம்பெனிக்கு, அறக்கட்டளைக்கு அல்ல, ஆகவே 80ஜி ரசீதுக்கு வழியில்லை. அவசரத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலும் அறக்கட்டளைக் கணக்கில் கடனாகப் போட்டு, அங்கிருந்து கம்பெனிக்கு அனுப்பச் செய்யுங்கள். ஒரு வரி மின்னஞ்சல் போதும், சாட்சிக்கு.

பிறகு உலகில் மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோயால் ஒரு காலை இழந்த இளைஞர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கி 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த நேர்ந்தது, அடுத்த ஆண்டு 22 வயதில் இறந்தார். அவர் பெயரில் இன்று நடக்கும் ஓட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, நிறுவன விளம்பரம் இல்லை, வருகிறவர் முடிந்ததைக் கொடுக்கிறார். 1985இல் அமெரிக்காவின் டகோமாவில் கார்டன் கிளாட் என்ற பெருங்குடல் அறுவை மருத்துவர் 24 மணி நேரம் ஒரு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து 27,000 டாலர் திரட்டினார். அதிலிருந்து வளர்ந்த ரிலே ஃபார் லைஃப் நிகழ்ச்சிகளில் இருட்டிய பிறகு இறந்தவர்களின் பெயர் எழுதிய விளக்குகளை ஏற்றுகிறார்கள். அதைப் படித்தபோது தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் நின்றிருந்த அந்த இருவரையும் நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை மறுபடியும் அழைத்தார்கள். உடனே மறுக்கத்தான் நினைத்தேன். தாராபுரத்துப் பிள்ளையை நினைத்துப் போனேன், நிபந்தனைகளை எழுதி எடுத்துக்கொண்டு. பிப்ரவரியில் நடத்துவது, பனியன் இல்லை, கட்டணம் இல்லை, ரேஸ்கோர்ஸில் ஒரே ஒரு சுற்று, மேடைக்குப் பதில் பெயர்ப் பலகை, பரிசோதனை மேசைகள் மூன்று. எனக்குப் பொறுப்பு ஒன்றே ஒன்று, மீண்டவர்களுக்கான ஏற்பாடு. இரண்டு பேர் ஒத்துக்கொள்ளாமல் விலகினார்கள், மற்றவர்கள் இருக்கிறார்கள். முதல் கூட்டத்தை அந்த அக்காவின் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். என் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். 'நாற்காலி எத்தனை?' என்று கேட்டார். ஐம்பது என்றேன். 'நூறாகப் போடு கண்ணு. கூட வருகிற பிள்ளைகளும் எத்தனை நேரம்தான் நிற்பார்கள்?' என்றார்.